மார்பின் எழுதப் பயம் வேண்டாம்: புதிதாகப் பணிக்கு வரும் மருத்துவர்களுக்கு ஒரு சட்ட வழிகாட்டி

நான் பயிற்சி மருத்துவராக இருந்த நாட்களில் ஓர் இரவு. கன்னத்தில் தொடங்கிய புற்று தாடை எலும்பு வரை அரித்துவிட்ட ஒரு நெசவாளி, படுக்க முடியாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஈரத் துண்டைச் சுருட்டிக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார். டிக்ளோஃபினாக் ஊசி போட்டாயிற்று, டிரமடாலும் போட்டாயிற்று. மார்பின் கொடுக்கலாமா என்று மூத்த மருத்துவரிடம் கேட்டேன். "அது போதை மருந்து. நாளைக்குப் போலீஸ் வந்து நின்றால் யார் பதில் சொல்வது?" என்றார். அவர் கெட்டவர் அல்லர், உண்மையாகவே பயந்தார். விடியும்வரை அந்த நெசவாளியின் மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அந்தச் சட்டம் எது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது: கடும் வலிக்கு மார்பின் கொடுப்பதை அந்தச் சட்டம் எந்த இடத்திலும் தடுக்கவில்லை. யாரிடமிருந்து வந்தது, யாருக்குப் போனது, எவ்வளவு மிச்சம் என்று கணக்குக் கேட்கிறது, அவ்வளவுதான். தீராத நோயில் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சைப் பிரிவில் முதல் நாள் வந்து நிற்கும் இளம் மருத்துவர்களிடம் நான் சொல்பவற்றை இங்கே எழுதுகிறேன். இது இந்தியச் சட்டம் பற்றியது. இலங்கையிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ பணிபுரிகிறவர்களுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம் வேறு.

பயம் எங்கிருந்து வந்தது

1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், பேச்சு வழக்கில் என்.டி.பி.எஸ். சட்டம், அந்த ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. கடத்தல்காரர்களைக் குறிவைத்து எழுதப்பட்ட சட்டம். தொடக்கத்தில் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு சிறை. அதற்கு மேல், மார்பினை மருத்துவமனைக்குள் கொண்டுவருவதற்கான விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்தது. வைத்திருக்க ஓர் உரிமம், கொண்டுவர ஓர் உரிமம், மாநில எல்லை தாண்ட இன்னொன்று என்று பல இடங்களில் நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. ஒன்று கைக்கு வருவதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். மருந்தாளுநர்கள் அலுத்துப்போனார்கள், நிர்வாகங்கள் ஒதுங்கிக்கொண்டன. 1985க்கும் 1997க்கும் இடையில் இந்தியாவின் மார்பின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்தது. 1997இல் நாடு முழுவதற்கும் 18 கிலோதான்.

இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. ஏனென்றால் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு விவசாயிகள் அபின் பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசின் அபின் ஆலைகள் இருக்கின்றன. உலகத்துக்கு மூலப்பொருள் கொடுத்த நாட்டில், நம் நோயாளி துண்டைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாற்றம் மெல்ல வந்தது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கமும், டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்களின் விடாப்பிடியான முயற்சியும் அதன் பின்னால் இருக்கின்றன. 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. "மருத்துவ, அறிவியல் பயன்பாட்டுக்குக் கிடைக்கச் செய்வது" என்ற கடமையும் அரசின் கடமைகளுள் ஒன்றாகச் சட்டத்துக்குள் வந்தது. அத்தியாவசிய போதை மருந்துகள் என்று ஒரு புதிய வகை உருவானது. அவற்றுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் போனது. 2015 மே 5 அன்று புதிய விதிகள் வெளியாயின. நாடு முழுவதற்கும் ஒரே விதி. அனுமதிக்கு ஒரே அதிகாரி, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி. "நான்கைந்து லைசென்ஸ் வேண்டும்" என்று யாராவது இன்றும் உங்களிடம் சொன்னால், அவர் பழைய கதையைச் சொல்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

முதலில், எந்த மருந்து எந்தச் சட்டத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் "போதை மருந்து" என்று ஒரே மூட்டையில் கட்டுவதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

அத்தியாவசிய போதை மருந்துகள் ஆறு: மார்பின், ஃபென்டனில், மெதடோன், கோடீன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன். இவற்றுக்கு 2015 விதிகள் பொருந்தும். இருமல் மருந்தில் கலந்து வரும் சிறு அளவுக் கோடீன் இந்தக் கணக்கில் வராது. பெத்தடின் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு இன்னும் மாநில அரசின் விதிகள்தான். நாள்பட்ட வலிக்குப் பெத்தடின் நல்ல மருந்தும் அல்ல என்பதால் இதற்காக நான் வருந்துவதில்லை.

டிரமடால் 2018 முதல் மனமயக்கப் பொருள் பட்டியலில் இருக்கிறது. புப்ரினார்ஃபினும் அந்த வகையே. இவை மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் எச்1 அட்டவணையிலும் வருகின்றன: கடைக்காரர் எழுதியவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மனமயக்கப் பொருட்களை ஒருவர் தம் சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரு நேரத்தில் 100 டோஸ் அலகுகள் வரை வைத்திருக்கலாம். நீண்டகாலத் தேவை என்று மருத்துவர் குறிப்பாக எழுதியிருந்தால் 300 வரை. வெளியூர் நோயாளிக்கு மூன்று மாத டிரமடால் எழுதும்போது இந்த எண் உங்கள் மனத்தில் இருக்கட்டும்.

மயக்க மருந்தான கீட்டமைன் அதே விதிகளின் எக்ஸ் அட்டவணையில் வருகிறது. அதற்குச் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் வைத்திருப்பார். "மார்பினுக்கு மூன்று பிரதி வேண்டும், நான்கு பிரதி வேண்டும்" என்று வார்டில் உலவும் பேச்செல்லாம் பெரும்பாலும் இந்த எக்ஸ் அட்டவணையிலிருந்து கிளம்பியதுதான். பிரதி எடுத்து வைப்பது நல்ல பழக்கம். அதை நானும் செய்கிறேன். ஆனால் பிரதி இல்லை என்ற காரணத்தால் ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

உங்கள் மருத்துவமனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா?

பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் மருந்தகத்துக்குப் போய் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "நாம் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனமா?" ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஆர்.எம்.ஐ. என்று சொல்வார்கள். ஆம் என்றால் சான்றிதழைப் பார்க்கக் கேளுங்கள். எந்தத் தேதி வரை செல்லும், பொறுப்பு மருத்துவராக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த மருத்துவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாற்றலாகிப் போயிருப்பார்; அறிவிப்பு அனுப்பியிருக்க மாட்டார்கள். இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் அன்றே மருத்துவக் கண்காணிப்பாளரிடம் சொல்லிக் கடிதம் அனுப்பச் செய்யுங்கள்.

இல்லை என்றால் விண்ணப்பிக்கலாம். பெரிய மருத்துவமனையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. வீடு வீடாகச் சென்று பார்க்கும் ஆதரவு சிகிச்சை மையமும் விண்ணப்பிக்கலாம். வலி நிவாரணத்திலும் ஆதரவு சிகிச்சையிலும் பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவர் ஒருவராவது வேண்டும். விதிகளோடு இணைந்திருக்கும் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். மருத்துவரின் பதிவுச் சான்று, பயிற்சிச் சான்று, மருந்தை எங்கே எப்படிப் பூட்டி வைக்கப்போகிறீர்கள் என்ற விவரம் எல்லாம் கையோடு தயாராக இருந்தால் அலைச்சல் குறையும். பயிற்சி இல்லாதவர்கள் முதலில் அதை முடியுங்கள். சான்றிதழுக்காக மட்டும் சொல்லவில்லை. மருந்தளவைக் கூட்டும் கையில் தெளிவு வருவது அங்கேதான்.

அங்கீகாரம் கிடைத்தபின் நிறுவனம் யார் யார் இந்த மருந்துகளை எழுதலாம் என்று பெயர் குறிக்க வேண்டும். ஒருவருக்கு மேல் இருந்தால் ஒருவர் ஒட்டுமொத்தப் பொறுப்பாளர். அவருடைய கடமைகள் நான்கு: நோயாளிகளுக்குப் போதுமான இருப்பு இருக்குமாறு பார்த்துக்கொள்வது, அதைப் பாதுகாப்பது, வரவு செலவு எழுதுவது, ஆண்டு மதிப்பீட்டையும் கணக்கையும் அதிகாரிக்கு அனுப்புவது. முதலில் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இருப்பு தீராமல் பார்த்துக்கொள்வதும் சட்டப்படியான கடமைதான். "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்" என்பது வெறும் அலட்சியம் அல்ல, விதியையும் மீறுகிறது.

தனியாகப் பணிபுரியும் மருத்துவருக்கும் விதி சிறிது இடம் கொடுக்கிறது. பதிவு பெற்ற மருத்துவர் தம் தொழிலுக்காக மார்பினை 500 மி.கி. வரை, அதாவது 10 மி.கி. மாத்திரையானால் 50, தம்மிடம் வைத்திருக்கலாம். ஆனால் அது தம் பராமரிப்பில் இருக்கும் நோயாளிக்குத் தாமே நேரடியாகக் கொடுப்பதற்கு மட்டுமே. விற்கவோ வேறு மருத்துவருக்குப் பகிரவோ கூடாது.

எழுதுவதற்கு முன்: நோயாளி ஏட்டில் ஐந்து வரி

சட்டச் சிக்கலில் மாட்டிய மருத்துவர்களைக் காப்பாற்றுவது நோயாளி ஏடு. என்.டி.பி.எஸ். சட்டத்தின் 8ஆம் பிரிவு இந்த மருந்துகளைத் தடை செய்யும்போதே "மருத்துவ அல்லது அறிவியல் நோக்கத்துக்கு" என்று விலக்கு அளிக்கிறது. அந்த மருத்துவ நோக்கம் எங்கே தெரிகிறது? உங்கள் தலைக்குள் இருந்தால் போதாது, ஏட்டில் இருக்க வேண்டும்.

நோய் என்ன, வலி எங்கே, எப்படிப்பட்டது, பத்துக்கு எத்தனை. இதுவரை என்ன கொடுத்தும் அடங்கவில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது. மார்பினின் கழிவு அதன் வழியாகத்தான் வெளியேறும், சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தத்தில் கூடியிருந்தால் அளவும் இடைவெளியும் மாறும். குடிப்பழக்கமோ வேறு போதைப் பழக்கமோ முன்பு இருந்ததா. வீட்டில் மருந்தை யார் கையாளப்போகிறார். இந்த ஐந்தையும் நான் எப்போதும் எழுதுகிறேன். எழுத மூன்று நிமிடம் ஆகும்.

போதைப் பழக்கம் இருந்தவர் என்றால் வலிக்கு மருந்து மறுக்க வேண்டும் என்று பொருள் அல்ல. வாய்ப்புற்று நோயாளிகளில் பலர் குடித்தவர்கள்தாம். அவர்களுடைய எலும்பும் மற்றவர்களுடையதைப் போலத்தான் வலிக்கிறது. அவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுங்கள், மாத்திரை மனைவி கையிலோ மகள் கையிலோ இருக்கட்டும், அடிக்கடி பாருங்கள்.

நோயாளியிடமும் வீட்டாரிடமும் பெயரைச் சொல்லுங்கள். "வலி மாத்திரை" என்று மழுப்பிக் கொடுத்தால், பக்கத்து வீட்டுக்காரர் கூகுளில் தேடி "ஐயோ, இது மார்பின்" என்று சொன்ன நிமிடத்தில் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். "சாகப்போகிறவர்களுக்குக் கடைசியாகக் கொடுப்பதுதானே?" என்று கேட்பார்கள். இல்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

சீட்டு எழுதும் முறை

சீட்டில் தேதி, உங்கள் முழுப் பெயர், முகவரி, மருத்துவக் கவுன்சில் பதிவு எண், கையெழுத்து. நோயாளியின் பெயர், முகவரி. "மாரியம்மாள், சேலம்" என்று எழுதினால் போதாது. தெரு, ஊர் வேண்டும். மருந்தின் பெயர், வடிவம், ஒரு மாத்திரையின் அளவு, வேளை, எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு. மொத்த எண்ணிக்கை இல்லாத சீட்டுதான் மருந்தாளுநரை முழிக்க வைக்கும் சீட்டு.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். வலுக்குறைந்த மருந்துகள் கேட்காத ஒருவருக்கு 4 மணிக்கு ஒருமுறை 5 மி.கி. மார்பினில் தொடங்கினோம், வயதானவருக்கு 2.5 மி.கி. டிரமடாலை அன்றே நிறுத்திவிட்டோம். மூன்று நாளில் 10 மி.கி.க்கு வந்தோம், வலி பத்துக்கு இரண்டாகக் குறைந்தது. இப்போது வீட்டுக்கு அனுப்பலாம். நடு இரவில் எழுப்ப வேண்டாம் என்பதால் இரவு வேளையை இரட்டிப்பாக்குகிறோம். சீட்டு இப்படி இருக்கும்:

மார்பின் மாத்திரை, 10 மி.கி.
காலை 6, காலை 10, பிற்பகல் 2, மாலை 6: ஒவ்வொன்று
இரவு 10: இரண்டு
இடையில் வலி எழுந்தால் ஒன்று. நாளொன்றுக்கு இரண்டு வரை
14 நாட்களுக்கு, மொத்தம் 112 (நூற்றுப் பன்னிரண்டு) மாத்திரைகள்

நாளைக்கு 6 மாத்திரை, 14 நாளுக்கு 84. இடைவலிக்கு ஒரு நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 மி.கி.; 14 நாளுக்கு 28. கூட்டினால் 112. எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். 112ஐ 1120 ஆக்க ஒரு சுழி போதும். கீழே மிஞ்சும் வெற்றிடத்தில் குறுக்குக் கோடு போடுங்கள். அதே சீட்டில் மலமிளக்கியும் இருக்க வேண்டும். பிசகோடில் எழுதாமல் மார்பின் எழுதினால் பத்தாம் நாள் மலச்சிக்கலால் நோயாளியே மாத்திரையைத் தூக்கி எறிவார். முதல் சில நாட்களுக்கு வாந்திக்கும் ஒரு மருந்து.

ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து கொடுக்கலாம், மீண்டும் கொடுக்கலாம் என்று எழுதியவரே குறிப்பிட்டிருந்தால் தவிர. மார்பின் சீட்டில் அப்படிக் குறிப்பிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் நோயாளியைப் பார்த்துப் புதிதாக எழுதுங்கள். உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ நீங்களே எழுத வேண்டாம். எவ்வளவு நெருக்கமான நண்பர் கேட்டாலும் பார்க்காத நோயாளிக்கு எழுத வேண்டாம்.

ஃபென்டனில் ஒட்டுப்பட்டை பற்றி ஒரு வார்த்தை. விழுங்க முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் மார்பின் போன்ற ஓபியாய்டு வகை எதையும் இதற்கு முன் எடுக்காதவருக்கு முதல் மருந்தாகப் பட்டையை ஒட்டாதீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றிய பழைய பட்டையிலும் மருந்து மிஞ்சியிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

தொலைபேசியில் எழுதலாமா?

கூடாது. 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் என்.டி.பி.எஸ். சட்டத்தில் வரும் மருந்துகளையும் தொலைவிலிருந்து எழுதுவதைத் தடை செய்கின்றன. வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பிய மார்பின் சீட்டு செல்லாது. படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளியின் குடும்பத்துக்கு இது பெரும் பாரம் என்பது எனக்குத் தெரியும். தருமபுரி மலைக்கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த மகன் ஒருவர், கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று மருந்தக வரிசையில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. தொலைபேசியில் வலியைக் கேட்டறியலாம், மலமிளக்கியைக் கூட்டச் சொல்லலாம், தைரியம் சொல்லலாம். சீட்டுக்கு நேரில் பார்த்தாக வேண்டும். அதனால்தான் வீட்டுப் பார்வை முக்கியம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதிச் செவிலியரின் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தை வாங்க நோயாளியே வர வேண்டும் என்பதில்லை. வீட்டார் வந்தால் பெயர், உறவு, கையெழுத்து, அடையாள அட்டை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு கொடுங்கள்.

அலமாரியும் பதிவேடும்

விதி கேட்பது போதுமான பாதுகாப்பு. இரட்டைப் பூட்டு, இருவர் கையில் இரு சாவி என்பது நல்ல வழக்கம். நாங்களும் அப்படியே செய்கிறோம். ஆனால் ஒரு சாவி மதியம் நான்கு மணிக்கு வீட்டுக்குப் போய்விடும் ஏற்பாட்டால் என்ன பயன்? வலி இரவில்தான் ஏறும். இரவுப் பணிச் செவிலியரிடம் சாவி கைமாறும் முறையை எழுதி ஒட்டுங்கள். கைமாறும்போது இருவரும் எண்ணிப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

பதிவேட்டில் பக்க எண் இருக்க வேண்டும், அன்றைய கணக்கு அன்றே முடிய வேண்டும். தொடக்க இருப்பு, வரவு, யாருக்கு எத்தனை, இறுதி இருப்பு. தவறு நேர்ந்தால் ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். வெள்ளை மை பூசிய பதிவேடு எந்த அதிகாரியின் கண்ணிலும் முதலில் படும். ஊசிக் குப்பி கை தவறி உடைந்தால் அந்த நேரத்திலேயே இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டி, இருவர் கையெழுத்தோடு "உடைந்தது: 1" என்று எழுதுங்கள். பாதிக் குப்பி போட்டு மீதியைக் கொட்டினாலும் அப்படியே. ஒரு முறை எங்கள் கணக்கில் இரண்டு மாத்திரை குறைந்தது. பயந்துபோன செவிலியர் கூட்டிக் கழித்துச் சரிக்கட்டி எழுத முனைந்தார். வேண்டாம் என்று தடுத்து, குறைவு என்றே எழுதி மேலே தெரிவித்தோம். மறுநாள் அந்த இரண்டு மாத்திரையும் அட்டைப்பெட்டியின் மடிப்பில் கிடைத்தன, அதையும் எழுதினோம். உரிமமோ அனுமதியோ பெற்றவர் காரணமின்றிக் கணக்கு வைக்கத் தவறினாலோ பொய்க் கணக்கு எழுதினாலோ சட்டத்தின் 26ஆம் பிரிவு 3 ஆண்டு வரை சிறை சொல்கிறது. குறைந்த கணக்கை விளக்கலாம். திருத்திய கணக்கை விளக்க முடியாது.

ஆண்டு மதிப்பீடு போடும்போது சென்ற ஆண்டின் எண்ணை அப்படியே நகலெடுக்காதீர்கள். பதிவேட்டில் நோயாளிகளின் எண்ணிக்கை எப்படிக் கூடியது என்று பார்த்து எழுதுங்கள். குறைத்து எழுதினால் அக்டோபரில் அலமாரி காலியாகிவிடும்.

வீட்டாருக்குச் சொல்ல வேண்டியவை

சீட்டைக் காட்டி வாங்கிய மருந்தை நோயாளி தம்மிடம் வைத்திருப்பது குற்றம் அல்ல. விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. இதை அவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள், ஏனென்றால் போலீஸ் பயம் அவர்களுக்கு நம்மைவிட அதிகம். மாத்திரையை உறையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட வேண்டாம். சீட்டின் பிரதி மாத்திரையோடேயே இருக்கட்டும், பயணத்தில் கட்டாயம். பூட்டிய பெட்டியில் வைக்கட்டும். வலிக்கிறது என்று அண்ணனுக்கோ மாமியாருக்கோ ஒன்று கிள்ளிக் கொடுக்கவே கூடாது. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட வேண்டாம். கூப்பிட்டால் கண் திறக்காத அளவுக்குத் தூக்கம், மூச்சு மிகவும் மெதுவாவது, இவை தெரிந்தால் அடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே அழைக்க வேண்டும், தாமதமானால் ஆம்புலன்ஸ்.

"பழக்கமாகிவிடுமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். வலிக்காக, வேளை தவறாமல், சரியான அளவில், பார்த்துப் பார்த்துக் கொடுக்கும்போது அடிமையாவது அரிது. நாள்பட எடுத்தால் உடல் பழகிக்கொள்ளும். ஆகவே திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அது வேறு, போதைக்காக ஏங்குவது வேறு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டும் இருக்காதீர்கள். சீட்டு தொலைந்தது, மாத்திரை கிணற்றில் விழுந்தது என்று ஒருவர் மாதம் இருமுறை வந்தால், இன்னும் வேறு மருத்துவமனையிலும் வாங்குகிறார் என்று தெரிந்தால், உட்கார வைத்துப் பேசுங்கள். வலி கூடியதால் முன்கூட்டியே தீர்ந்திருக்கலாம். அப்போது அளவைத்தான் மாற்ற வேண்டும். வேறு காரணம் என்றால் கொடுக்கும் நாட்களைச் சுருக்குங்கள், மனநல மருத்துவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஏட்டில் எழுதுங்கள்.

நோயாளி இறந்த பிறகு

இந்தக் கடைசி வேலையைப் பல இடங்களில் மறந்துவிடுகிறார்கள். மீதி மாத்திரைகள் வீட்டுப் பரணில் கிடக்கும். பிறகு யாரோ ஒருவர் தலைவலிக்கு விழுங்குவார். முதல் சீட்டு எழுதும் அன்றே சொல்லிவிடுங்கள்: "தேவை முடிந்ததும் மிச்சத்தை எங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்." திரும்பி வந்த மாத்திரையை வேறு நோயாளிக்குக் கொடுக்காதீர்கள். அதற்கென்று பதிவேட்டில் தனிப் பக்கம் வைத்து, கொண்டுவந்தவர் முன்னிலையில் எண்ணி, இருவர் கையெழுத்து வாங்கி, தனி உறையில் பூட்டுங்கள். அழிப்பதற்கு முன் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டுச் செய்யுங்கள்.

சென்ற ஆடி மாதம் ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து மாத்திரை அட்டைகளை மேசையில் வைத்தார். நாங்கள் எண்ணுவதற்கு முன்பே "பதினேழு இருக்கிறது, டாக்டர்" என்றார். எண்ணினோம். பதினேழுதான். பதிவேட்டில் அவர் கைநாட்டு வைத்த இடத்துக்கு எதிரே செவிலியர் எழுதினார்: மார்பின் 10 மி.கி., திரும்பப் பெற்றது 17.